எடுத்துப் போனால் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், பதில் தயாராக இருக்கும். ஃபார்மட் அடிங்க. ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுங்க. எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி, போயிருக்கும். உள்ளே தூசி அடைத்திருக்கும். இதில் எதுவுமே கிறுக்குத்தனமான யோசனை கிடையாது, ஒவ்வொன்றும் எங்கேயோ யாருக்கோ நிஜமாகவே கைகொடுத்திருக்கிறது, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் ஊருக்குள் புழங்குகிறது. என்னை உறுத்துவது வேறு ஒன்று. விட்டுவிட்டு வரும் கோளாறு, எதைச் செய்தாலும் கொஞ்ச நாள் அடங்கித்தான் இருக்கும். செய்தவர் சரியாகிவிட்டது என்று நினைப்பார், காசு கொடுத்தவரும் அப்படியே நினைப்பார், அது திரும்பி வந்ததும் "இது வேற பிராப்ளம்" என்று எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். என் அக்கா கடையில் இந்தச் சுற்று ஒரு கோடையில் ஆரம்பித்து அடுத்த கோடை வரை ஓடியது.

அக்கா சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊரில், தாலுகா ஆபீஸ் போகிற ரோட்டில், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ் என்பது போர்டில் உள்ள பெயர்தான். பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பது, வில்லங்கச் சான்றுக்கு ஆன்லைனில் போடுவது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கல்லூரி அட்மிஷன், போட்டோவை இத்தனை கேபிக்குள் சுருக்கித் தருவது, நடுவில் யாராவது ஓடி வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்பது என்று நாள் பூராவும் கம்ப்யூட்டரில்தான் வேலை. இந்த வேலைகளில் பாதியில் கம்ப்யூட்டர் செத்துப் பிழைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எதிரில் பெரியவர் ஒருவர் மகன் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிபி எண்ணை ஒவ்வொன்றாக வாசிப்பார், ஐந்தாவது எண்ணில் திரை கறுத்துவிடும். மறுபடி வந்து லாகின் செய்வதற்குள் அந்த ஓடிபி காலாவதி. விண்ணப்பக் கட்டணம் வங்கியிலிருந்து போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், ஆகவே எங்கள் குடும்பத்தில் ஸ்விட்ச் வைத்த எந்தப் பொருள் மக்கர் செய்தாலும் அது என் இலாகா. போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஊரில் கம்ப்யூட்டர் பார்க்க ஒரு தம்பி இருக்கிறார். கை சுத்தமானவர், நேர்மையானவர், ஃபோன் செய்தால் வந்துவிடுவார். முதலில் ராமைத் தேய்த்தார். கொஞ்ச நாள் அமைதி. பிறகு தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட்டு, புளோயர் அடித்து, உள்ளே இருந்த ஒரு வருஷத்துத் தூசியை வெளியேற்றினார். அமைதி. பிறகு ஃபார்மட், அதோடு அக்காவின் டிடிபி எழுத்துருக்கள் பாதி காணாமல் போன தனிக் கதை. ஏப்ரல் கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றினார். மே மாதம் முழுக்க ஒரு ரீஸ்டார்ட் கூட இல்லை, அக்கா எனக்கு ஃபோன் செய்து "சின்னப் பையன் கண்டுபிடிச்சிட்டான், நீ படிச்ச படிப்பெல்லாம் வேஸ்ட்" என்றாள். ஜூன் இரண்டாவது வாரத்தில் மறுபடி ஆரம்பித்தது.

இந்த முறை அவர் டவரைத் தூக்கிக்கொண்டு போய் தன் கடையில் வைத்துப் பார்த்தார். இரவு முழுக்க ஓடவிட்டாராம். மெமரி டெஸ்ட் போட்டாராம். என்னிடமும் பேசினார்: "இங்க நல்லாத்தான் ஓடுது சார், ஒரு தடவ கூட ஆஃப் ஆகல." திருப்பிக் கொண்டுவந்து மாட்டிய அன்று மத்தியானமே போனது. மறுபடி தூக்கிப் போனார், மறுபடி அங்கே நன்றாக ஓடியது. அந்த வாக்கியத்தை அக்கா ஏமாற்று வேலையாக எடுத்துக்கொண்டாள். எனக்கோ இந்தக் கதையிலேயே முதன்முதலாகக் கிடைத்த உருப்படியான தகவல் அதுதான் என்று தோன்றியது. அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை என்றால் தூக்கிக்கொண்டு போன பெட்டிக்குள் கோளாறு இல்லை, தூக்காமல் விட்டுப்போன ஏதோ ஒன்றில் இருக்கிறது. இதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப என் கடையில பேய் இருக்குங்கியா" என்றாள்.

நாற்பத்தொன்று

ஒரு நீண்ட வார இறுதியில் ஊருக்குப் போனபோது ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். கம்ப்யூட்டருக்கு நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் இடம், விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் திறக்கவே திறக்காத ஒரு இடம் அது, திறந்தாலும் சிவப்பும் மஞ்சளுமாக ஆயிரம் எச்சரிக்கை இருப்பதைப் பார்த்து பயந்து மூடிவிடுவார்கள். அங்கே கெர்னல் பவர் என்ற பெயரில், 41 என்ற எண்ணோடு, வரிசையாக ஒரே பதிவு. அது சொல்வதெல்லாம் இதுதான்: கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் மறுபடி கிளம்பியிருக்கிறது. இதைத் தேடிப் பார்க்கிறவர்கள் பலர் 41 என்பதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொண்டு அதற்கு மருந்து தேட ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பதிவு கம்ப்யூட்டர் விழும் நேரத்தில் எழுதப்படுவதே இல்லை. மின்சாரம் அறுந்த அந்த நொடியில் எதையும் எழுத அதற்கு அவகாசம் கிடையாது. திரும்ப எழுந்த பிறகு, போன தடவை ஒழுங்காக அணையவில்லையே என்று கவனித்து, அதன்பின் எழுதிவைக்கிறது. மயங்கி விழுந்து எழுந்தவனிடம் எப்படி விழுந்தாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான், எழுந்தபோது தரையில் கிடந்தேன் என்பான், அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தப் பதிவின் உள்ளே விவரப் பகுதியைப் பிரித்தால் இரண்டு எண்கள் பிரயோஜனமானவை. பக்செக் கோடு என்று ஒன்று. விண்டோஸ் தானே தாங்க முடியாத பிழையில் மாட்டி நீலத் திரை காட்டி விழுந்திருந்தால் அங்கே ஏதாவது ஒரு எண் இருக்கும். உதாரணமாக 159 என்று இருந்தால், அதைப் பதினாறின் அடிமானத்துக்கு மாற்றி 0x9F என்று தேடினால் டிரைவர் சம்பந்தப்பட்ட கோளாறு என்று தெரியும். இன்னொன்று பவர் பட்டன் அழுத்தப்பட்ட நேரம். யாராவது பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் அது பூஜ்யமாக இருக்காது. அக்கா கம்ப்யூட்டரில் இரண்டுமே பூஜ்யம், எல்லாப் பதிவிலும் பூஜ்யம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் செய் என்கிற டிக்கையும் எடுத்துவிட்டேன், அதை எடுத்துவிட்டால் நீலத் திரை வந்து அப்படியே நிற்கும். நீலத் திரை வந்தால் அதன் விவரம் சேரும் மினிடம்ப் ஃபோல்டரும் காலி. விண்டோஸ் விழவில்லை, அதன் காலுக்குக் கீழே இருந்ததை யாரோ உருவியிருக்கிறார்கள். ஃபார்மட் அடித்ததும் எழுத்துருக்களைத் தொலைத்ததும் வீண் என்று அந்த இடத்தில் முடிவாகிவிட்டது.

சூடு? அதுவும் இல்லை. இன்றைய பிராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டி வரும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் மொத்தமாக அணைந்துவிடும், வழக்கமாக உடனே எழுந்து வராது. ஆனால் இங்கேதான் ஒரு குழப்பம் இருந்தது. அக்காவின் கம்ப்யூட்டரில் கேபினட் பவர் பட்டன் தேய்ந்து உள்ளே போய்விட்டது. பட்டனை மாற்றுவதற்குப் பதில், மெயின் ஸ்விட்ச் போட்டதும் தானே கிளம்பும்படி, விண்டோஸுக்கு முன்னால் எழும் பயாஸில் ஒரு அமைப்பை யாரோ எப்போதோ மாற்றிவைத்திருந்தார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கே உரிய அழகான குறுக்குவழி, நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு, மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் பார்க்கிறவர்களுக்கு அது ரீஸ்டார்ட் மாதிரியே தெரியும். ரீஸ்டார்ட் ரீஸ்டார்ட் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் அணைந்து எரிவது. இரண்டுக்கும் வித்தியாசம் கேபினட்டின் பின்னால் இருக்கும் ஃபேனில் தெரியும்: ரீஸ்டார்ட் என்றால் ஃபேன் நிற்காது, அணைந்தால் நிற்கும். அதை யார் போய்ப் பார்ப்பது, எல்லார் கண்ணும் திரையில்தானே.

திரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மானிட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அதை நேரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டிருந்தார்கள். டவர் சாகும்போது மானிட்டர் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சிக்னல் இல்லை என்று மட்டும் காட்டும். கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், டியூப் லைட் இருந்த இடத்தில் எல்ஈடி வந்த பிறகு அதுவும் இமைக்காது. கரண்ட் போகவில்லை என்று அக்கா சத்தியம் செய்தாள், அவள் சொன்னதும் உண்மை.

நேரப் பட்டியல்

நான் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. அந்த 41 பதிவுகளின் தேதியையும் நேரத்தையும் மட்டும் வரிசையாக ஒரு தாளில் பிரிண்ட் எடுத்தேன், காரணத்தைச் சொல்லாவிட்டாலும் நேரத்தையாவது அது சொல்கிறதே என்று. வெறும் கண்ணில் பார்த்தாலே ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் கடை திறந்ததை ஒட்டி ஒரு கொத்து. மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு ஒரு கொத்து. பிறகு அங்கங்கே உதிரியாக. பரபரப்பான பதினொரு மணி வாக்கில், கூட்டம் நெருக்கும் நேரத்தில், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வேலை அதிகமானால் விழும் கம்ப்யூட்டர் பார்த்திருக்கிறேன், அது பவர் பற்றாக்குறை. வேலை அதிகமான நேரத்தில் மட்டும் விழாத கம்ப்யூட்டர் எனக்குப் புதுசு.

தாளை அக்காவிடம் காட்டினேன், அவள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு "மத்தியானம் நான் சாப்பிட்டுட்டு வந்து உக்காருவேன்ல, அப்பத்தான்" என்றாள், அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடையில் ஜெராக்ஸ் போட ஒரு பெண் வேலைக்கு இருக்கிறாள், பிளஸ் டூ முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பி.காம். படிப்பவள். அவள் எட்டிப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று, "அண்ணே, இது பூரா நான் மொத ஜெராக்ஸ் போடுற நேரமால்லா இருக்கு" என்றாள்.

அந்த ஜெராக்ஸ் மெஷின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும். காலையில் கடை திறந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும், ஆள் வராத அரைமணிக்குப் பிறகும் அதை எழுப்பித்தான் முதல் காப்பி எடுக்கவேண்டும். பதினொரு மணிக்கு அது தூங்குவதே இல்லை, காப்பி மேல் காப்பி ஓடிக்கொண்டே இருக்கும். மே மாதம் ஏன் அமைதியாக இருந்தது என்பதும் அந்த வாக்கியத்திலேயே அடங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விடுமுறை, மெஷின் பெரும்பாலும் அணைத்தே கிடந்தது, புது எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பெயர் கிடைத்தது. ஜூனில் டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்று நகல் என்று கூட்டம் வந்ததும் கோளாறும் வந்துவிட்டது.

இத்தனை நாள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்றால், கடையின் அமைப்பு அப்படி. அந்தப் பெண் மெஷின் முன்னால் நிற்கும்போது அவள் முதுகுதான் கம்ப்யூட்டரைப் பார்க்கும். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும்போது அவள் கண் திரையில். சாவைப் பார்த்தவள் ஒருத்தி, பட்டனை அழுத்தியவள் இன்னொருத்தி, இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர் எவரும் இல்லை. மெக்கானிக் வரும்போதெல்லாம் அக்காவிடம்தான் கேட்டார். வேலைக்கு நிற்கும் பெண்ணிடம் கம்ப்யூட்டரைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள், நானும் கேட்டதில்லை, அந்தத் தாள் மேஜையில் கிடந்ததால்தான் அவள் வாயைத் திறந்தாள்.

காவல்காரன் செய்த வேலை

ஜெராக்ஸ் மெஷினில் டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு ஒரு சூடான ரோலர் இருக்கும். அது 180, 200 டிகிரி வாக்கில் இருந்தால்தான் எழுத்து தாளில் நிற்கும். அக்காவிடம் இருப்பது ரீகண்டிஷன் செய்து வாங்கிய பழைய மெஷின், ரோலருக்குள்ளே ஹாலஜன் விளக்குதான் சூடேற்றுகிறது, ஆயிரம் வாட்டுக்குக் குறையாது. 230 வோல்ட்டில் ஆயிரம் வாட் என்றால் நாலேகால் ஆம்பியர், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் டங்ஸ்டன் இழை குளிர்ந்து கிடக்கும்போது அதன் மின்தடை சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஸ்விட்ச் விழுந்த முதல் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், சூடேறியதும் அடங்கிவிடும். அந்தக் கணத்தில் 30 ஆம்பியர் பாய்கிறது என்று வையுங்கள், வழியில் மொத்தம் ஒரு ஓம் தடை இருந்தாலே 30 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும்.

வழி எப்படி இருந்தது என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மெஷினின் பெரிய பின்னை ஒரு கன்வெர்ட்டரில் சொருகி, அதை வீட்டு உபயோகத்துக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தார்கள். அந்தத் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. அதே பாக்ஸில் பக்கத்துத் துளையில் கம்ப்யூட்டரின் யூபிஎஸ். அந்த பாக்ஸின் ஒயரோ செல்போன் சார்ஜருக்குப் போதுமான தடிமன். ஜெராக்ஸ் மெஷினையும் லேசர் பிரிண்டரையும் தனிப் பாயின்ட்டில் போடுங்கள், யூபிஎஸ்ஸோடு சேர்க்காதீர்கள் என்று அவற்றோடு வரும் புத்தகத்தில் எழுதியிருக்கும், பழைய மெஷினுக்குப் புத்தகம் எங்கே வந்தது.

சரி, வோல்டேஜ் ஒரு கணம் விழுந்தால் கம்ப்யூட்டர் சாகவேண்டுமா? வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது, உள்ளே வரும் மின்சாரம் முழுசாக அறுந்தாலும் முழுச் சுமையில் சுமார் 16 மில்லி விநாடி அது தாங்கவேண்டும் என்று எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் வடிவமைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். நம் மின்சாரத்தின் ஒரு அலை 20 மில்லி விநாடி, சுமை குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதற்கு மேல் முடியாது என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரிந்தால் கரண்ட் சரியாக இருக்கிறது என்று சாம்பல் நிற ஒயரில் சொல்லிக்கொண்டிருக்கும் பவர் குட் சமிக்ஞையைக் கீழே இறக்கும், மதர்போர்டு அந்த நிமிஷமே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். 30, 40 வோல்ட் சரிவுக்கெல்லாம் நல்ல எஸ்எம்பிஎஸ் அசையாது. டவரை நேரே வேறு பாயின்ட்டில் மாட்டி மெஷினை எழுப்பிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மெக்கானிக் கடையில் இரவெல்லாம் ஓடியதும் இப்படி நேரே சுவரில் மாட்டித்தான்.

மிச்சமிருந்தது யூபிஎஸ். 600 விஏ, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, கடைகளில் எல்லாம் இருக்கும் சாதாரண வகை. கரண்ட் நன்றாக இருக்கும்வரை அது மெயினை அப்படியே உள்ளே கடத்திவிடும், குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே வோல்டேஜ் போனால் உள்ளே ரிலே டக்கென்று தாவி பேட்டரிக்கு மாறும். மெஷின் எழும் கணத்தில் அந்த இளகிய துளையும் மெல்லிய ஒயரும் சேர்ந்து கொடுத்த சரிவில் அது பேட்டரிக்குத் தாவியது. பேட்டரி செத்துக் கிடந்தது. தாவிய காலுக்கு அடியில் தரை இல்லை. வெளியே போகும் மின்சாரம் அறுந்தது, அடுத்த கணமே மெயின் சரியாகிவிட்டதால் மறுபடி அதற்கே தாவியது, டவர் பயாஸ் புண்ணியத்தில் தானாகவே கிளம்பியது.

பேட்டரி செத்தது யாருக்கும் தெரியாதா என்றால், எல்லாருக்கும் தெரியும்! அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத ஆச்சரியம். "அது எப்பவோ போச்சு, கரண்ட் போனா ஒரு நிமிசம் கூட நிக்காது" என்று அக்கா சாதாரணமாகச் சொன்னாள். மெக்கானிக்கும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து 13 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, சார்ஜ் ஏறுகிறது என்றாராம். சார்ஜர் இணைப்பில் இருக்கும்போது செத்த பேட்டரியும் 13 காட்டும், சுமையைக் கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும். யூபிஎஸ்ஸில் 100 வாட் குண்டு பல்பை மாட்டி பின்னைப் பிடுங்கினேன், பல்பு அந்த இடத்திலேயே அணைந்தது. இவர்கள் எல்லாரும் இதைத் தனி விஷயமாக வைத்திருந்தார்கள். யூபிஎஸ்ஸுக்குக் கரண்ட் போனால்தானே வேலை, இருக்கும்போது அது ஒரு வெறும் பிளக் பாயின்ட்தானே என்ற எண்ணம். ஆனால் கரண்ட் இருக்கும்போதும் அது நடுவில் நின்று ஒவ்வொரு கணமும் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. யூபிஎஸ்ஸே இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் அந்தச் சரிவுகளைத் தாண்டிவந்திருக்கும்.

அன்று மத்தியானம் கடையை அரை ஷட்டர் இறக்கி, அக்கா சேமிக்கவேண்டியதை எல்லாம் சேமித்த பிறகு, பழையபடியே எல்லாவற்றையும் மாட்டி, மெஷின் தூங்கக் காத்திருந்தோம். நான் கேபினட்டின் பின்னால் ஃபேன் காற்றில் கையை வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் பச்சைப் பட்டனை அழுத்தினாள். யூபிஎஸ் டக் என்றது, காற்று நின்றது, மறுபடி வீசியது. எல்லாத் தடவையும் அப்படி ஆகவில்லை, சரிவு எவ்வளவு ஆழம் என்பது அலையின் எந்த இடத்தில் ஸ்விட்ச் விழுகிறது என்பதையும் பொறுத்தது. ஆன தடவைகள் போதுமானவை. அக்கா அந்த டக் சத்தத்தைத் தினமும் கேட்டிருக்கிறாள், "அது எப்பவும் கத்திக்கிட்டுத்தான் கிடக்கும்" என்றாள்.

யாருக்குக் கூலி

மெக்கானிக் தம்பியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அக்கா திட்டினாள், அது அவள் உரிமை. அவருக்குக் கிடைப்பது விசிட்டிங் சார்ஜ், பிறகு மாற்றிய பொருளில் கொஞ்சம் லாபம். ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து, மாலையில் "இன்னைக்கு ஒண்ணும் ஆகல, நாளைக்கும் வந்து உக்காருறேன்" என்று சொன்னால் யார் காசு கொடுப்பார்கள்? கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால்தான் அது வேலை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அது வெட்டி. வேலை நடந்ததற்கு அடையாளமாக ஏதாவது மாற்றப்படவேண்டும், பழைய பொருள் ஒன்று கையில் கொடுக்கப்படவேண்டும். அதனால் அவர் டவரைத் தூக்கிக்கொண்டு போகிறார், அங்கே அவருக்கு மேஜை இருக்கிறது, உபகரணம் இருக்கிறது, வேறு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். கோளாறு மட்டும் அவரோடு போகவில்லை. நான் கண்டுபிடித்ததாக அக்கா ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கு இரண்டு நாள் லீவும் சம்பளமும் வேறு யாரோ கொடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம், விஷயத்தைச் சொன்னதோ பி.காம். படிக்கும் பெண்.

ரீஸ்டார்ட் தொல்லையோடு யாராவது என்னிடம் வந்தால் இப்போது கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அது எங்கே மாட்டியிருக்கிறது, அதே இடத்தில் வேறு என்னென்ன மாட்டியிருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். நண்பன் ஒருவன் வீட்டில் காரணம் இதைவிட அல்பமாக இருந்தது: கேபினட்டின் ரீசெட் பட்டன் பாதி அழுந்தி மாட்டிக்கொண்டிருந்தது, மேஜையில் குழந்தை முட்டினால் போதும். மதர்போர்டில் அந்த இரண்டு பின்னில் இருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டான், முடிந்தது. அவனும் அதற்கு முன் ராம் மாற்றியிருந்தான்.

அக்கா கடைக்கு எலக்ட்ரீஷியன் வந்து மெஷினுக்கு என்று மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக் கொடுத்தார். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. கேபினட்டுக்குப் புதுப் பட்டனும் போடச் சொன்னேன், அதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்விட்ச் போட்டால் தானே கிளம்புவது அவளுக்கு வசதியாக இருக்கிறதாம். அதன்பின் ஒரே ஒரு முறை இரவில் ரீஸ்டார்ட் ஆனது, காலையில் பதறி ஃபோன் செய்தாள். பார்க்கச் சொன்னதில் 41 இல்லை, 1074. விண்டோஸ் அப்டேட், யார் எதற்காக அணைத்தார்கள் என்று பெயரோடு ஒழுங்காக எழுதியிருந்தது.

ஒயரையும் பேட்டரியையும் ஒரே நாளில் மாற்றியதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். முதலில் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு ஒரு மாதம் விட்டிருந்தால் அதுவே போதுமா, அல்லது அந்த ஒயர்தான் ஆதாரக் குற்றவாளியா என்று தெரிந்திருக்கும். புது பேட்டரி இருந்தும் தினமும் நாலு தடவை அதைத் தாவவைத்தால் அது எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. போன மாதம் போனபோது, பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னும் இருக்கிறதா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷினை அதில் மாட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "ஏல, ஆராய்ச்சி பண்ணணும்னா மெட்ராஸ்ல உன் வீட்டுல வச்சிப் பண்ணு. எனக்குத் திங்கக்கிழமை டிஎன்பிஎஸ்சி கடைசி நாள்" என்றாள்.